ஆள் சேர்க்குமுன் வயதுச் சான்றைப் பாருங்கள்

வீரிய ஒட்டு விதை உற்பத்தி செய்யும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சந்தையில் மாடு வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். விதை வாங்கும்போது மூட்டையில் கட்டியிருக்கும் சான்று அட்டையைப் பார்க்கிறோம். உர மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவைப் படித்துப் பார்க்கிறோம். ஆனால் நம் நிலத்தில் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலை செய்யப்போகும் ஆட்களை அமர்த்தும்போது மட்டும் வந்தவர்களின் தலையை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்களுள் யார் வேலை செய்யச் சட்டப்படி தகுதி உடையவர், யார் பள்ளியில் இருக்க வேண்டியவர் என்பதைப் பார்ப்பது இல்லை.

இதைப் பார்க்க வேண்டிய கடமை வேலை கொடுப்பவருடையது. பெற்றோர் சொன்னார்கள், மேஸ்திரி அழைத்து வந்தார், பையன் பார்ப்பதற்குப் பெரியவனாகத் தெரிந்தான் என்னும் சமாதானங்கள் எதுவும் இந்தக் கடமையை நம் தோளிலிருந்து இறக்கிவிடா. சேலம், தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் வீரிய ஒட்டுப் பருத்தி விதையும், பிற பகுதிகளில் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் ஒட்டு விதைகளும் உற்பத்தி செய்யும் விவசாயிகள் இதனை முக்கியமாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். பிற பயிர்களைச் சாகுபடி செய்வோருக்கும் இது பொருந்தும்.

கிராசிங் வேலையும் சிறுவர்களும்

பருத்தியில் ஒட்டு விதை உண்டாக்கும் பணியைக் கிராமங்களில் கிராசிங் என்றே வழங்குகிறார்கள். மறுநாள் மலரப்போகும் மொக்குகளைப் பெண் செடிகளில் தேர்ந்தெடுத்து, பிற்பகல் 3 மணி முதல் 6 மணிக்குள் கட்டைவிரல் நகத்தால் அல்லி இதழையும் மகரந்தப் பைகளையும் நீக்க வேண்டும். சூல்முடிக்குக் காயம் படக்கூடாது. அந்த மொக்கை வண்ணத் தாளால் மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலை 9 மணிக்குமேல் ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து, ஒரு பூவைக் கொண்டு நான்கைந்து பெண் பூக்களின் சூல்முடியில் மகரந்தத்தைத் தடவி, காம்பில் நூல் கட்ட வேண்டும். இப்படி ஏறத்தாழ 60 முதல் 70 நாட்கள் ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். நடுவில் ஒரு நாள் ஆள் வராவிட்டால், அன்று மலர்ந்த பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும்.

நாள் தவறாமல் இவ்வளவு கைகள் தேவைப்படுவதால்தான் சிறுவர் சிறுமியரை அழைத்துவரும் வழக்கம் ஏற்பட்டது. பிஞ்சு விரல் பூவுக்குப் பதமாக இருக்கும், செடியின் உயரத்துக்குக் குழந்தை குனிய வேண்டியதில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. உண்மைக் காரணம் வேறு. குழந்தைக்குக் கூலி குறைவு, எதிர்த்துப் பேசாது, பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துவிட்டால் பருவம் முடியும்வரை நிற்கும்.

ஆடி, ஆவணியில் விதைத்த பருத்தியில் கிராசிங் வேலை புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழிவரை நீளும். அரையாண்டுத் தேர்வு நடைபெறும் காலமும் அதுவே. காலையில் மகரந்தச் சேர்க்கை செய்யும் நேரமும் பள்ளியில் முதல் மணி அடிக்கும் நேரமும் ஒன்றுதான். ஆகவே, “பள்ளிக்கும் போகிறது, வேலைக்கும் வருகிறது” என்பது இந்த வேலையில் நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சு. இரண்டு மாதம் வகுப்பை விட்ட பிள்ளை பாடத்தில் பின்தங்கிவிடும்; பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளிக்குத் திரும்ப மனம் வராது. ஒரு பருவத்து வேலை என்று தொடங்குவது படிப்பே நின்றுபோவதில் முடிகிறது.

மற்றொரு தீங்கு மருந்தினால் வருவது. பருத்தி அடிக்கடி மருந்து தெளிக்கப்படும் பயிர். மருந்து படிந்த மொக்கை நாள் முழுதும் வெறும் விரலால் கிள்ளும் வேலை இது. வளரும் குழந்தை, தன் உடல் எடையுடன் ஒப்பிடும்போது, பெரியவர்களைவிட அதிகமான காற்றைச் சுவாசிக்கிறது. அதன் தோலின் பரப்பும் எடைக்கு ஒப்பிட்டால் அதிகம். அதனால் அதே வயலில் நிற்கும் தாயைவிடக் குழந்தையின் உடம்பில் நஞ்சு கூடுதலாகச் சேருகிறது.

சட்டம் சொல்வது என்ன?

குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் இது திருத்தப்பட்டு, வளரிளம் பருவத்தினரையும் சேர்த்துக்கொண்டது. இத்திருத்தம் 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைகளுக்கும் பட்டாசுக்கும் மட்டுமே உரிய சட்டம் இது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. சட்டத்தில் ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்துள்ள விளக்கத்திலேயே கடை, பட்டறை, உணவு விடுதி ஆகியவற்றுடன் ‘பண்ணை’ என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளது.

வயதைப் பொறுத்து மூன்று பிரிவுகளாக நினைவில் கொள்ளலாம்.

1. 14 வயது முடியாதவர்: எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. அபாயமான வேலை, அபாயமில்லாத வேலை என்ற வேறுபாடு இவர்களுக்கு இல்லை.

2. 14 வயது முடிந்து 18 வயது முடியாதவர்: சட்டத்தின் அட்டவணையில் கண்ட அபாயகரமான வேலைகளில் அமர்த்தக் கூடாது. பிற வேலைகளில் நேரக் கட்டுப்பாட்டுடன் அமர்த்தலாம்.

3. 18 வயது முடிந்தவர்: இச்சட்டத்தின்படி தடை இல்லை.

முதல் இரண்டு பிரிவுகளிலும் விதியை மீறினால் தண்டனை ஒன்றேதான். 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டுவரை சிறை, அல்லது ரூ.20,000-க்குக் குறையாமல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அதே குற்றம் செய்தால் 1 ஆண்டு முதல் 3 ஆண்டுவரை சிறை. இது பிடியாணை இன்றியே காவல் துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமாகும். இதற்கும் முன்பே, சிவகாசிக் குழந்தைகள் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பில், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் ரூ.20,000 நல நிதியில் செலுத்த வேண்டும் என்று கூறியுள்ளது.

‘நடக்கிற’ வயதும் முடிந்த வயதும்

நம் கிராமங்களில் வயதைச் சொல்லும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. “பதினாலு நடக்குதுங்க” என்று ஒரு தாய் சொன்னால், முடிந்தது 13 என்றுதான் பொருள். சட்டம் கேட்பது முடிந்த வயதை. அதுபோலவே “பதினெட்டு நடக்கிறது” என்றால் அந்தப் பிள்ளைக்கு 17 வயதே முடிந்திருக்கிறது. மருந்து தெளிக்கவோ கதிரடிக்கும் இயந்திரத்தில் நிற்கவோ அனுப்பக் கூடாது. ஆகவே “வயது என்ன?” என்று கேட்பதைவிட “பிறந்த தேதி என்ன?” என்று கேட்பதே சரியான முறை.

தோற்றத்தை வைத்து முடிவு செய்வதும் தவறு. ஊட்டம் குறைந்த 15 வயதுப் பெண் 12 வயதுபோல் தெரிவாள். வளர்த்தியான 13 வயதுப் பையன் மீசை அரும்பி 17 வயதுபோல் தெரிவான். தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த காலம் மலையேறிவிட்டது. இன்று ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளிடமும் ஏதேனும் ஒரு பிறப்புச் சான்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

எந்தச் சான்றை ஏற்பது?

வயதை முடிவு செய்வதற்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஒரு வரிசையைக் காட்டுகிறது. நாமும் அதைப் பின்பற்றுவது பாதுகாப்பானது.

முதலாவது, பள்ளியில் பெற்ற பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பிறந்த தேதி இருக்கும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையானால் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அளவில் பிறப்பு இறப்புப் பதிவாளர் வழங்கிய பிறப்புச் சான்றிதழ்.

மூன்றாவது, மேற்கண்ட இரண்டும் இல்லாதபோது மட்டும், மருத்துவச் சோதனை. எலும்பு வளர்ச்சியைக் கொண்டு மதிப்பிடும் இச்சோதனையை உரிய அதிகாரியின் உத்தரவுப்படி செய்ய வேண்டும். ஆய்வாளருக்கும் வேலை கொடுத்தவருக்கும் வயது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்து, மருத்துவ அதிகாரியின் வயதுச் சான்று கையில் இல்லாவிட்டால், ஆய்வாளர் அதனை மருத்துவ அதிகாரியின் முடிவுக்கு அனுப்புவார்.

ஆதார் அட்டை பற்றி விவசாயிகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஆதார் ஆளை அடையாளம் காண உதவும். பெயரும் படமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அதனைப் பயன்படுத்துங்கள். ஆனால் பிறந்த தேதிக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பிறந்த தேதியை உறுதி செய்யும் ஆவணமாக ஆதாரைக் கொள்ள இயலாது என்று கூறி, பள்ளிச் சான்றிதழில் கண்ட தேதியை ஏற்றுள்ளது. குடும்ப அட்டையும் வயதுச் சான்று ஆகாது.

சான்றைப் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பெயரும் தந்தை பெயரும் எதிரில் நிற்பவருக்கு உரியனவா? அக்காளின் சான்றைத் தங்கை கொண்டுவருவது உண்டு. பிறந்த தேதி திருத்தி எழுதப்பட்டுள்ளதா? ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் இருந்தால் தேதிகள் ஒத்திருக்கின்றனவா? ஒத்திராவிட்டால், சந்தேகத்தின் பலனைக் குழந்தைக்குக் கொடுங்கள். அதாவது குறைந்த வயதையே சரியான வயதாகக் கொண்டு, வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். படியை வைத்துக்கொண்டு அசல் சான்றை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். “வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்” என்று அசலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது, ஆளையே பூட்டி வைப்பதற்குச் சமம்.

மேஸ்திரி அழைத்து வந்தால்?

“நான் ஆள் பிடிக்கவில்லை, மேஸ்திரி பிடித்தார். ஏக்கருக்கு இவ்வளவு என்று அவரிடம் பேசிவிட்டேன்” என்று சொல்பவர்கள் உண்டு. சட்டம் தண்டிப்பது குழந்தையை வேலைக்கு அமர்த்துபவரை மட்டுமன்று. ‘வேலை செய்ய அனுமதிப்பவரையும்’ தண்டிக்கிறது. நிலம் உங்களுடையது, வேலை உங்களுடையது, நிறுத்தச் சொன்னால் நிற்கும் அதிகாரம் உங்களுடையது. ஆகவே பொறுப்பும் உங்களுடையதே.

மேஸ்திரியிடம் பேசும்போதே, “என் வயலில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் வயதுச் சான்று வேண்டும். இல்லாதவரை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். அதனை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகும் முதல் நாள் காலையில் நீங்களே வரப்பில் நின்று ஒவ்வொருவராகச் சரிபாருங்கள். நடுவில் ஆள் மாறினால் மறுபடியும் பாருங்கள். முதல் வாரம் தாய் வருவதும், இரண்டாம் வாரம் அவளுக்குப் பதிலாக மகள் வந்து நிற்பதும் கிராசிங் வேலையில் வழக்கமாக நடப்பதுதான்.

காவிரிப் பாசனப் பகுதியில் இப்போது மேற்கு வங்காளத்திலிருந்து வரும் குழுக்கள் நாற்று நடுகின்றன. இவர்களிடமும் வயதுச் சான்றைக் கேட்க வேண்டியது நம் கடமை. ஆனால் வயதைக் கேட்பது வேறு, ஊரைக் கேட்டு ஒதுக்குவது வேறு. நாட்டின் எந்தப் பகுதிக்கும் சென்று தொழில் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் வழங்கியுள்ளது. வெளிமாநிலத்தவர் என்பதால் கூடுதல் சான்று கேட்பதும், சந்தேகக் கண்ணோடு நடத்துவதும் முறையன்று. உள்ளூர் ஆளிடம் கேட்கும் அதே சான்றை, அதே மரியாதையுடன் கேளுங்கள்.

முன்பணம் என்னும் கண்ணி

பருவம் தொடங்குமுன் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, அதற்கு ஈடாகப் பிள்ளையை வேலைக்கு நிறுத்தும் வழக்கம் இரட்டைக் குற்றமாகும். முன்பணத்துக்காக ஒருவரை விருப்பப்படி வேலையை விட்டுப் போகவிடாமல் நிறுத்தி வைத்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டத்தின் கீழ் வரும். இதற்கு 3 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் அற்றுப்போகும். 18 வயது நிரம்பாதவரை இவ்வாறு கட்டிப்போட்டு வேலை வாங்கினாலோ, கூலியைப் பிடித்து வைத்தாலோ, இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டுவரை கடுங்காவலும் ரூ.1 லட்சம் அபராதமும் விதிக்கலாம்.

பெரியவர்களுக்கு முன்பணம் கொடுக்க நேர்ந்தாலும், தொகையையும் கழிக்கும் முறையையும் எழுதி வையுங்கள். வேலையை விட்டுப் போக விரும்புபவரைத் தடுக்காதீர்கள். முன்பணத்தைவிட வாரக் கூலியை வாரச் சந்தை நாளுக்கு முன்பே தவறாமல் கொடுப்பது ஆட்களை நிலையாக நிற்கச் செய்யும்.

14 முதல் 18 வயதினரின் வேலை நேரம்

இந்த வயதினரை அனுமதிக்கப்பட்ட வேலையில் அமர்த்தும்போது கீழ்க்காணும் விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

தொடர்ந்து 3 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது. அதன்பின் ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரத்துக்குமேல் நீளக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணிவரை வேலை கூடாது. கூடுதல் நேர வேலை கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை அளிக்க வேண்டும்.

இதனைக் கிராசிங் வேலையுடன் பொருத்திப் பாருங்கள். காலை 9 மணிக்குத் தொடங்கும் மகரந்தச் சேர்க்கையும் மாலை 6 மணிவரை நீளும் ஆண்மை நீக்கமும் சேர்ந்தால் 9 மணி நேரம் ஆகிறது. இடையில் நிழலில் படுத்திருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும். எனவே 16 வயதுப் பெண்ணை இரு வேளையும் அழைப்பது சட்டப்படி இயலாது. மருந்து படிந்த பயிரில் செய்யும் வேலை என்பதையும் எண்ணிப் பார்த்தால், விதைப் பருத்தி வயலில் 18 வயது முடிந்தவர்களை மட்டுமே இறக்குவது என்று வைத்துக்கொள்வதே நல்லது என்பது எமது பரிந்துரை. டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், அறுவடை இயந்திரம், தீவனம் நறுக்கும் கருவி ஆகியவற்றின் அருகிலும் மருந்து கலக்கும் இடத்திலும் 18 வயதுக்குக் குறைந்த எவரையும் நிறுத்தாதீர்கள்.

பதிவேடு வைக்கும் முறை

வளரிளம் பருவத்தினரை அமர்த்துபவர் பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்டம். எல்லா ஆட்களுக்கும் சேர்த்தே வைப்பது எளிது. ஒரு கோடிட்ட நோட்டுப் போதும். வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், பிறந்த தேதி, பார்த்த சான்று எது, சான்றைப் பார்த்த நாள், வேலையின் தன்மை, வேலை நேரமும் ஓய்வு நேரமும், கொடுத்த கூலி, கையொப்பம் என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். சான்றுகளின் படிகளை ஒரு கோப்பில் வரிசை எண்படி அடுக்கி வையுங்கள். ஆய்வாளர் வந்தால் எடுத்துக் காட்ட வேண்டியது இவ்வளவே. வாய்ச்சொல் சாட்சியைவிட இந்த நோட்டு உங்களுக்குப் பலமான துணையாகும்.

இலாபமா, நட்டமா?

சிறுவரை அமர்த்தினால் செலவு குறையும் என்ற எண்ணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிறுவனுக்குப் பெரியவரைவிட நாளொன்றுக்கு ரூ.100 குறைவாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 70 நாளில் மிச்சமாவது ரூ.7,000. பிடிபட்டால் குறைந்த அளவு அபராதமே ரூ.20,000. வழக்குச் செலவும் அலைச்சலும் தனி. சிறை விதிக்கப்பட்டால் அதற்கு விலையே இல்லை.

விதைத் தரத்திலும் நட்டம் உண்டு. களைத்துப்போன கை மகரந்தப் பைகளில் இரண்டை விட்டுவிட்டால், அந்தக் காயில் தன் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். சான்று பெற்ற வீரிய ஒட்டுப் பருத்தி விதைக்கு இனத்தூய்மை 90 சதம் இருக்க வேண்டும். வயல்வெளிச் சோதனையில் அது குறைந்தால், முழுத் தொகுதியும் தள்ளுபடியாகும். பயிற்சி பெற்ற பெரியவர் பத்துப் பேர் செய்யும் வேலையில் இந்த ஆபத்து குறைவு.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன்

சிறுவர்களைத் தேடிப் போகும் நிலை வேலை தொடங்கிய பிறகு வருவது அன்று. ஆள் கணக்குப் பார்க்காமல் ஒப்பந்தம் செய்யும் அன்றைக்கே அது தொடங்கிவிடுகிறது. ஏக்கருக்கு நாள்தோறும் 10 பேர், 70 நாள் என்று கொண்டால் 700 ஆள் நாட்கள் தேவை. அரை ஏக்கருக்கு 350. வீட்டில் பெரியவர் இருவர் நாள் தவறாமல் நின்றால் 140 ஆள் நாட்கள் கிடைக்கும். மீதி 210-க்கு வெளியாள் மூவர் தினமும் வேண்டும். அந்த மூவர் கிடைப்பார்களா, அவர்களுக்குப் பெரியவர் கூலி கொடுத்தபின் கட்டுபடியாகுமா என்று முதலில் பாருங்கள். ஆகாது என்றால் 25 சென்டில் மட்டும் செய்யுங்கள். 175 ஆள் நாட்களில் பெரும்பகுதியை வீட்டுப் பெரியவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

விதை நிறுவனம் பேசும் கொள்முதல் விலையில் பெரியவர் கூலி அடங்கியிருக்கிறதா என்று கணக்குக் காட்டிக் கேளுங்கள். அடங்காத விலைக்கு ஒப்புக்கொண்டால், அந்தப் பற்றாக்குறையைக் கடைசியில் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைதான் தன் படிப்பால் ஈடுகட்ட வேண்டிவரும். தனியாகக் கேட்டால் நிறுவனம் செவி சாய்க்காது. ஊரில் விதை உற்பத்தி செய்யும் விவசாயிகள் ஒன்றுகூடிக் கேளுங்கள்.

பெண் செடிகளை ஒரே நாளில் விதைக்காமல், நிறுவனத்தின் ஒப்புதலுடன், 10 நாள் இடைவெளியில் இரு பகுதியாக விதைத்தால் பூக்கும் உச்சம் ஒரே வாரத்தில் குவியாது. ஆண் செடியையும் அதற்கேற்ப விதைக்க வேண்டும். ஆண்மலட்டு வழிப் பெற்றோர் விதை கிடைக்குமா என்றும் கேளுங்கள். அதில் மாலை நேர ஆண்மை நீக்கம் தேவையில்லை என்பதால் ஆள் தேவை வெகுவாகக் குறையும்.

ஐயமும் விளக்கமும்

என் சொந்தப் பிள்ளை எனக்கு உதவக் கூடாதா?

உதவலாம். பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும், அபாயமில்லாத வேலையில், குடும்பத்துக்கு உதவியாக இருக்கலாம். இரவு 7 முதல் காலை 8 மணிவரை கூடாது. படிப்பு கெடக் கூடாது. மருந்து தெளித்த வயலில் சொந்தப் பிள்ளையானாலும் இறக்கக் கூடாது. குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் அடங்குவர். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையைக் கைமாற்றாக அழைத்துவந்து ‘குடும்ப உதவி’ என்று சொல்ல முடியாது.

தாய் வேலைக்கு வரும்போது குழந்தையையும் கூட்டி வருகிறாள். என்ன செய்வது?

கைக்குழந்தையானால் நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் ஏணை கட்டிக்கொள்ள இடம் கொடுங்கள். நடக்கும் வயதானால் அங்கன்வாடிக்கும், பள்ளி வயதானால் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு வரும்படி வேலை தொடங்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வயலில் நிற்கும் குழந்தை வெகுநேரம் சும்மா நிற்பதில்லை.

வேலை நடுவில் ஒரு பிள்ளைக்கு 13 வயது என்று தெரிய வந்தால்?

அன்றே வேலையை நிறுத்துங்கள். அதுவரை செய்த வேலைக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். முன்பணத்தைக் கழிக்காதீர்கள். வீதியில் விட்டுவிடாமல் பெற்றோரிடம் சேருங்கள். பெற்றோர் உடன் இல்லையென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆண்டின் நடுவிலும் பள்ளியில் சேர்க்கலாம். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தி, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது.

நாம் மறுத்தால் அந்தக் குடும்பம் பட்டினி கிடக்குமே?

பலரும் மனச்சங்கடத்துடன் கேட்கும் கேள்வி இது. பிள்ளைக்குக் கொடுக்க இருந்த வேலையை அதன் தாய்க்கோ தந்தைக்கோ பெரியவர் கூலியில் கொடுங்கள். குறைந்த கூலிக்குப் பிள்ளைகள் கிடைக்கும்வரை பெரியவர்களின் கூலி உயராது. அவர்களுக்கு வேலையும் நிலைக்காது. குடும்பம் பசியாறப் பிள்ளையின் கூலியை நம்பியிருக்கும் நிலை இப்படித்தான் நீடிக்கிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. வேலை தொடங்குமுன் பிறந்த தேதிச் சான்றைப் பாருங்கள். பார்த்த நாளைக் குறித்து வையுங்கள்.

2. ‘நடக்கிற’ வயதை விட்டு முடிந்த வயதைக் கணக்கிடுங்கள்.

3. அசல் சான்றை உடனே திருப்பிக் கொடுங்கள்.

4. மேஸ்திரியை நம்பி விடாமல் நீங்களே சரிபாருங்கள். ஆள் மாறும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

5. விதைப் பருத்தி வயலில் 18 வயது முடிந்தவர்களை மட்டும் அமர்த்துங்கள்.

6. ஆள் கணக்குப் பார்த்து, பரப்பை முடிவு செய்து, பிறகு ஒப்பந்தம் செய்யுங்கள்.

சட்டம் குறித்த ஐயங்களுக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தையும், சாகுபடி முறைகளுக்கு அருகிலுள்ள வேளாண்மை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ விவசாயிகள் அணுகலாம். இந்தப் பருவத்துக்கு ஆள் பேசப் போகும்போது ஒரு நோட்டையும் பேனாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரை எழுதியவுடன் அடுத்த பத்தியில் பிறந்த தேதியை எழுதுங்கள். அந்தத் தேதி 14 ஆண்டு நிறையவில்லை என்று காட்டினால், அந்தப் பெயர் இருக்க வேண்டியது பள்ளியின் வருகைப் பதிவேட்டில்.